நோரா வேலுக்குக் காவல் இருந்த நாட்கள்

1953 பெப்ரவரி 2, திங்கள்

பண்டாரவளையில் இறங்கும்போது பகல் பதினொன்று. கம்பனிக் கார் காத்து நின்றது. தேயிலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி முக்கால் மணி நேரத்தில் பங்களாவுக்கு வந்து சேர்ந்தோம். தோட்டத்துத் துரையின் பங்களா இது. ஹொலிவூட்டிலிருந்து வந்த படக் கம்பனி இரண்டு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறது.

டொக்டர் அருட்பிரகாசம் வாசலில் நின்றார். கம்பனி இலங்கையில் இருக்கும்வரை அவர்தான் அவர்களுக்கு வைத்தியர். இரண்டு வருடமாக அண்ணர் வீட்டு அடுப்படியில் கிடந்த என்னை நினைவு வைத்துக் கூப்பிட்டு இந்த வேலையைத் தந்திருக்கிறார். அந்த நன்றியை நான் மறக்கக் கூடாது.

"நேசமலர், நீர் பாக்க வேண்டியது ஒரே ஒரு ஆளைத்தான்," என்றார். "படத்தின்ரை கதாநாயகி, நோரா வேல். காலமை குளிசை, பின்னேரம் ஏழு மணிக்கு ஊசி. நாடி, நிறை, சாப்பாடு எல்லாம் அட்டையிலை எழுதும். அவா ஆருக்கும் கடிதம் தந்தால் நேரை மிஸ்டர் பெக்கிட்டைக் குடுத்துவிடும்."

மிஸ்டர் பெக் கம்பனியின் ஆள். நோராவை ஒன்பது வருடமாக அவர்தான் மேய்க்கிறார். மேய்க்கிறார் என்று எழுதுவது மரியாதை இல்லை, ஆனால் பார்த்ததும் அப்படித்தான் தோன்றியது.

என் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒரு கதவு. அவர் அறையின் விறாந்தைக் கதவைக் கம்பனி ஆட்கள் வெளியிலிருந்து பூட்டுவார்கள். நடுக் கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு என்னிடம். நித்திரையில் நடப்பவராம், அவருடைய பாதுகாப்புக்குத்தானாம்.

பெப்ரவரி 3, செவ்வாய்

இன்று அவரைப் பார்த்தேன். படத்தில் பார்த்ததைவிடச் சின்ன ஆள். முப்பத்தொரு வயது என்று கம்பனித் தாளில் இருக்கிறது. கழுத்தைப் பார்த்தால் ஐந்து வருடமாவது கூடச் சொல்லலாம். அவர் பேசுவது ஆங்கிலம். எனக்கு விளங்கியதைத் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

"முந்தினவள் போய்விட்டாளா?" என்றார்.

"எனக்கு முன்பு ஒருவர் இருந்தாரா?"

"எப்போதும் ஒருத்தி இருப்பாள்," என்று கையை நீட்டினார், நாடி பார்க்க. நான் கேட்கவே இல்லை.

குசினியில் சமையல் வேலை செய்யும் மூக்காயிக்கு அவருடைய பெயர் அதிசயம். "வேலுன்னா நம்ம முருகன் வேலுங்களா மிஸி?" என்றாள். தோட்டத்தில் நேர்ஸ்மாரை மிஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். வெள்ளைக்காரச் சீமாட்டி என்றால் தொரசானி. இதை நோராவிடம் சொன்னேன். சிரித்தார். "முருகனிடம் சொல், அது என் பெயரும் இல்லை. ஒரு தாளில் பதினொரு பெயர் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். எனக்கு விழுந்தது அது."

பெப்ரவரி 6, வெள்ளி

ஐந்து மணிக்கு எழுப்பி இரண்டு குளிசை. ஒன்று உசாராக இருக்க, மற்றது பசி வராமல் இருக்க. ஒரு முட்டை, பால் இல்லாத கோப்பி. ஆறரைக்கு முகப்பூச்சு. பிறகு மலைச் சரிவில் படப்பிடிப்பு. துரையின் மனைவியாக நடிக்கிறார்; அநேகமாக நின்று தூரத்தைப் பார்க்கிற வேலை. நான் குடைக்குக் கீழே கதிரையில். ஏழு மணிக்கு ஊசி. கால் மணி நேரத்தில் கண் சொருகிவிடும்.

நிறை 104 இறாத்தல். நூற்றிரண்டுக்குக் கொண்டுவரச் சொல்லி மிஸ்டர் பெக் உத்தரவு.

என் இரண்டு பாவாடை தோய்த்தேன். இந்தப் பனியில் காயவில்லை.

பெப்ரவரி 9, திங்கள்

மழை. படப்பிடிப்பு இல்லை. ஊசி போட்டேன்.

பெப்ரவரி 12, வியாழன்

இன்றும் மழை. பகல் முழுக்க நாங்கள் இருவரும் அறையில். நான் காலுறைக்குத் தையல் போட்டேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். குளிசை போட்ட பகலில் அவரால் பேசாமல் இருக்க முடியாது.

அவருடைய சொந்தப் பெயர் எட்னா புரூகர். நெப்ராஸ்கா என்ற இடத்தில் சோளக் காணி. தகப்பன் பன்றி வளர்த்தவர். இவருக்குப் பதின்மூன்று வயதில் செத்துப்போனார். பதினேழு வயதில் ஊர்ச் சந்தையில் அழகிப் போட்டி. பரிசு, ஹொலிவூட்டுக்கு ஒரு ரயில் டிக்கெட்டும் கமெராவுக்கு முன் பத்து நிமிடமும்.

அங்கே ஒருவர் இவரை நிறுத்தி வைத்து, தலை முதல் கால்வரை ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டாராம். கன்னம் உப்பலாக இருக்கிறது என்று இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். நெற்றி சிறிது என்று முன்மயிரை வேரோடு எடுத்தார்கள். வாயைத் திறந்து எனக்குக் காட்டினார். உண்மைதான், பின்னுக்கு நாலு பல் இல்லை.

"வலித்ததா?"

"பல் வலிக்கவில்லை. ஊருக்கு எழுதினேன், அம்மா வேண்டாமென்று சொல்லுவாள் என்று. அம்மா சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்."

முதல் பத்துப் படத்தில் கதாநாயகியின் தோழி. பதினோராவது படத்தில் ஒரு பெரிய நடிகைக்குச் சுகமில்லாமல் போக, அந்த இடத்தில் இவரைப் போட்டார்கள். ஜன்னலோரம் புருசனுக்காகக் காத்திருக்கும் பெண். அந்தப் படம் ஓடு ஓடென்று ஓடியது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு படத்திலும் ஏதாவது ஒரு ஜன்னலோரம் காத்திருக்கிறாராம். இரண்டு முறை வேறு வேடம் கேட்டார். சம்பளத்தை நிறுத்தி வீட்டில் வைத்தார்கள். கலியாணமும் கம்பனி பார்த்து வைத்ததுதான். பதினான்கு மாதத்தில் முடிந்தது.

"ஒப்பந்தம் முடிந்தால் விட்டுப் போகலாம்தானே?" என்று கேட்டேன்.

"ஏழு வருடத்துக்கு ஒரு முறை முடியும். முடியும் நேரம் புதியது வரும். பெக் கொண்டுவருவார், எப்போதும் பின்னேரம்தான். அடுத்த நாள் காலையில் பார்த்தால் என் கையெழுத்து அதில் இருக்கும். இப்போதையது ஏப்ரலில் முடிகிறது. அடுத்தது அவருடைய தோல் பைக்குள் இருக்கிறது. இந்த மலையில் வைத்துத்தான் வாங்குவார்கள்."

ஏழு மணியாகிவிட்டது. ஊசியைக் கொதிநீரில் போட்டேன். அவர் தானாகவே சட்டைக் கையைச் சுருட்டினார்.

பெப்ரவரி 15, ஞாயிறு

பண்டாரவளை வேதக் கோயிலுக்குப் போகக் காலையில் அனுமதி கிடைத்தது. புறப்படும்போது நோரா ஒரு கடிதத்தை என் வேத புத்தகத்துக்குள் வைத்தார். அவருடைய தங்கைக்கு. முத்திரை ஒட்ட வேண்டும்.

கோயிலுக்குப் போனேன். தபால்பெட்டி கோயிலுக்கு எதிரேதான் இருக்கிறது. பிரசங்கம் என்ன என்று இப்போது ஞாபகமில்லை. திரும்பி வந்து கடிதத்தை மிஸ்டர் பெக்கிடம் கொடுத்தேன்.

எனக்கு இட்ட வேலை அது. நோயாளியின் கடிதத்தை வைத்தியர் சொன்னபடி செய்வது நேர்ஸின் கடமை. அவர் தெளிந்த மனநிலையில் இல்லை, அவருடைய நன்மைக்குத்தான். வேறு நேர்ஸ் என்றாலும் இதைத்தான் செய்திருப்பாள். மிஸ்டர் பெக் எனக்கு முன்னால் வைத்தே உடைத்து வாசித்து, நாலாகக் கிழித்தார். நன்றி என்றார். எனக்கு இன்று தலையிடி. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

பெப்ரவரி 17, செவ்வாய்

அவருக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று தெரியாது. என் முகத்தில் பார்த்திருப்பார்.

கோபிக்கவில்லை. "பரவாயில்லை," என்றார். "எல்லோரும் கம்பனியிடம் கொடுப்பார்கள். என் அம்மா கொடுத்தாள். என் புருசன் கொடுத்தான். நீ என்னைத் தெரிந்து இரண்டு கிழமைதானே."

கோபித்திருக்கலாம்.

பெப்ரவரி 20, வெள்ளி

காலை நாடி 124. மலை ஏறிய பிறகு இல்லை, படுக்கையில் இருக்கும்போதே. நடுவில் ஒரு துடிப்புத் தவறுகிறது. டொக்டர் வந்ததும் விறாந்தையில் வைத்துச் சொன்னேன்.

"டொக்டர், குளிசையைக் கொஞ்சம் குறைச்சால் நல்லது. இருதயம் தாங்காது."

"நீர் டொக்டரோ, நான் டொக்டரோ?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "இன்னும் ஒரு மாதம். படம் முடிஞ்சால் அவா கப்பல் ஏறிவிடுவா. அங்கை பெரிய பெரிய டொக்டர்மார் இருக்கினம்."

"நாடி நூற்றி இருபத்திநாலு, டொக்டர்."

"சிலவேளை நீர் பிழையா எண்ணியிருப்பீர். தொண்ணூறுக்கு மேலை அட்டையிலை எழுதினால் கம்பனிக்காரர் பயப்பிடுவினம். பாத்து எழுதும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உம்மடை கடிதம் ஒண்டு என்னட்டைப் பத்திரமாக் கிடக்கெல்லோ. நான் அதை ஆருக்கும் காட்டேல்லை. காட்டவும் மாட்டன். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்."

ஓம் டொக்டர் என்றேன்.

பெப்ரவரி 21, சனி

அட்டையில் 88 என்று எழுதினேன். நாடி 126.

பெப்ரவரி 26, வியாழன்

அண்ணரிடமிருந்து கடிதம். ஊரில் பேச்சு இன்னும் அடங்கவில்லையாம். அந்த விஷயம் தெரியாத ஓர் இடத்தில், மனைவியை இழந்த ஓவசியர் ஒருவரைப் பார்த்திருக்கிறாராம். மூன்று பிள்ளைகள். "உனக்கு இதைவிட நல்லது வராது" என்று எழுதியிருக்கிறார். மடித்து வைத்துவிட்டேன்.

வெந்நீர் கொண்டுவந்த மூக்காயி கதவடியில் நின்றாள்.

"ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே மிஸி. தொரசானி பைத்தியமா?"

"இல்லை."

"அப்ப ஏன் பூட்டுறீங்க?"

நித்திரையில் நடப்பார் என்றேன்.

"நடந்தா நடக்கட்டுமே. நாங்கள்லாம் முழிச்சுக்கிட்டே நடக்கிறோம், எங்க போயிட்டோம்?" வாளியைக் கீழே வைத்தாள். "வெளிக்கதவ அவங்க பூட்டுறாங்க, சரி. இந்தக் கதவ நீங்கதானே பூட்டுறீங்க."

அவளைப் போய் வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

மார்ச் 1, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ஏழு மணிக்கு ஊசி போட்டேன்.

மார்ச் 5, வியாழன்

இந்த ஊசியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இது பொதுவாக எந்த நேர்ஸுக்கும் தெரிந்த விஷயம். மிச்சத்துக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் சேர்த்தால் குழாயில் அளவு மாறாமல் தெரியும்.

காலைக் குளிசையிலும் ஒன்றுதான் கொடுக்கிறேன். மற்றது என் தையல் பெட்டிக்குள்.

அவர் மூன்று நாளாக நடுங்குகிறார், வியர்க்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு படுக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. நாடி 108.

மார்ச் 9, திங்கள்

நாடி 92. இதை அட்டையில் அப்படியே எழுதலாம் போலிருந்தது. 88 என்றே எழுதினேன்.

பின்னேரம் மூக்காயி தன் வீட்டுக்குக் கொண்டுபோக வைத்திருந்த ரொட்டியும் சம்பலும் மூவரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். உறைப்பில் நோராவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இன்னொன்று கேட்டார்.

பிறகு என்னைப் பார்த்து, "உன்னை இங்கே கொண்டுவந்தது யார்?" என்றார்.

"டொக்டர்."

"அவரிடம் உன் கையெழுத்து ஏதாவது இருக்கிறதா?"

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

ஏழேகாலுக்கு மிஸ்டர் பெக் தோல் பையோடு வந்தார். டொக்டரும் கூட. நோரா தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நான் ஊசிக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நோரா, கண்ணே, வழமையான தாள்தான். மூன்று இடத்தில்," என்று பேனையைக் கையில் வைத்தார்.

அவர் கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்தார். விளக்கைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். இருபத்திரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி வாசித்தார். முடித்ததும் தாளை ஒழுங்காக அடுக்கி அவரிடமே கொடுத்தார்.

"வேண்டாம், ஹாரி. இந்தப் படத்தை முடித்துத் தருகிறேன். அதோடு சரி."

மிஸ்டர் பெக் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு டொக்டரைப் பார்த்தார். டொக்டர் என் கையிலிருந்து ஊசிக் குழாயை வாங்கி, நுனியிலிருந்த ஒரு துளியை விரலில் எடுத்து நாக்கில் வைத்தார்.

"நாளையிலை இருந்து மருந்து நான் குடுக்கிறன்," என்றார் தமிழில்.

மார்ச் 15, ஞாயிறு, பதுளை

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். பிறகு யாராவது கேட்பார்கள்.

வெள்ளி முழுக்கவும் சனி காலையும் டொக்டர் தானே வந்து குளிசையும் ஊசியும் முழு அளவில் கொடுத்தார். நோரா மறுத்தார், மிஸ்டர் பெக் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அறையில் நின்றேன். நேற்று ஆற்றில் படப்பிடிப்பு. மலைத் தண்ணீர், பனிக்கட்டி மாதிரி. இடுப்பளவு தண்ணீரில் நாலு முறை நடக்க வைத்தார்கள். ஐந்தாவது முறை பாதியில் நின்று, ஏதோ கேட்கிறதுபோலத் தலையைச் சரித்தார். அப்படியே தண்ணீருக்குள் போய்விட்டார்.

தூக்கிக்கொண்டு பங்களாவுக்கு வந்தபோது பகல் ஒரு மணி. உதடு நீலம். நாடியை எண்ண முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். "பத்திரிகைக்காரன் வந்து நிற்பான்" என்றார் மிஸ்டர் பெக். கொழும்புக்கு டெலிபோன் எடுக்க இருவரும் கந்தோர் அறைக்குப் போனார்கள். போகும்போது டொக்டர் மேசையில் ஒரு தாளை வைத்தார்.

"காலமைக் குளிசையை நீர் தவறுதலா ரெண்டு தரம் குடுத்துப்போட்டீர் எண்டு எழுதிக் கையெழுத்து வையும். ஒரு முன்னெச்சரிக்கைக்குத்தான். முந்தின மாதிரி நான் உம்மைப் பாப்பன்."

நான் கதிரையில் இருந்து எழுதத் தொடங்கினேன். இதையும் எழுதத்தான் வேண்டும். என் பெயர், தேதி, "தவறுதலாக" என்ற சொல். அதுவரை எழுதினேன். என் எழுத்து அழகாக இருந்தது.

பிறகு கையெழுத்து வைக்காமல் எழுந்து குசினிக்குப் போய் மூக்காயியிடம் கேட்டேன். "உங்கடை மனுசன்ரை லொறி எங்கை நிக்குது?"

"தொழிற்சாலையில கொழுந்து எறக்குது. ஏன் மிஸி?"

சொன்னேன். அவள் ஓடினாள்.

நடுக் கதவைத் திறந்து நோராவை என் அறைக்குள் கொண்டுவந்தேன். அங்கிருந்து குசினி வழியாக லொறிக்கு மூக்காயியும் நானும் தூக்கினோம். கொழுந்துச் சாக்கின் மேல் படுக்க வைத்துப் போர்த்தினோம். பதுளைக்கு ஒன்றேகால் மணி நேரம். வழி முழுக்க என் விரல் அவர் கழுத்தில். மூக்காயி அவருடைய காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் பெண்கள் வாட்டுக்குப் பொறுப்பு டொக்டர் மிஸ் ஜயமான்ன. நோயாளியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "என்ன கொடுக்கப்பட்டது?"

மருந்தின் பெயர்களையும் அளவுகளையும் சொன்னேன்.

"எத்தனை நாளாக?"

"எனக்குத் தெரிந்து நாற்பது நாள். அதற்கு முன் பல வருடம்."

"யார் கொடுத்தது?"

"நான்," என்றேன்.

மார்ச் 16, திங்கள்

பிழைத்துவிட்டார். நாடி 96, ஒழுங்காக இருக்கிறது.

பெயர் கேட்டபோது அவரே சொன்னார், எட்னா புரூகர் என்று. எழுதியவருக்கு அது ஒரு பெயர், அவ்வளவுதான். முப்பத்தாறு கட்டில் உள்ள பொது வாட்டு. ஒரு பக்கம் மஞ்சட்காமாலைக்காரி, மறுபக்கம் கால் முறிந்த கிழவி. ஒருவருக்கும் இவர் யாரென்று தெரியாது. கஞ்சியைக் குடித்துவிட்டு மருந்தில்லாமல் ஒன்பது மணி நேரம் தூங்கினார்.

காலை பத்து மணிக்கு டொக்டர் அருட்பிரகாசமும் மிஸ்டர் பெக்கும் வந்தார்கள். வாட்டுச் சிஸ்டர் கதவை மறித்து நின்று, நோயாளிகளைப் பார்க்கும் நேரம் பின்னேரம் நாலிலிருந்து ஐந்து என்றார். மிஸ்டர் பெக் தான் யாரென்று விளக்கினார். சிஸ்டர் திரும்பவும் நேரத்தைச் சொன்னார்.

டொக்டர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். "உமக்கு என்ன விசரே? அந்தக் கடிதத்தை நான் நேர்ஸ்மார் சபைக்கு அனுப்பினால் உம்மடை பதிவு போயிடும். பிறகு கடையிலை குளிசைகூட விக்க ஏலாது."

"அனுப்புங்கோ, டொக்டர்," என்றேன்.

அவர் அனுப்பும்வரை நான் காத்திருக்கவில்லை. டொக்டர் ஜயமான்னவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், வடக்கில் நான் வேலை செய்த ஆஸ்பத்திரியில், ஆறு வயதுப் பெண்பிள்ளை. பெயர் தவமணி. காய்ச்சலில் வலிப்பு வந்து கொண்டுவந்தார்கள். டொக்டர் அருட்பிரகாசம் வீட்டிலிருந்து தொலைபேசியில் ஊசியின் அளவைச் சொன்னார். அது ஒரு பெரிய ஆளுக்குரிய அளவு. திரும்பக் கேட்டேன். "சொன்னதைச் செய்யும்" என்று ஏசினார். செய்தேன். விடிவதற்குள் பிள்ளை செத்துவிட்டது. நான் பிழையாகக் கேட்டேன் என்று எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டது, அவர் என்னைக் கையெழுத்து வைக்க வைத்தார் என்று. அது உண்மைதான். ஆனால் ஊசியை ஏற்றும்போதே அளவு கூட என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

இது புதுக் கொப்பி. பழையதைக் கொடுத்துவிட்டேன்.

அமெரிக்கத் தூதரகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார், எட்னா எழுதிய கடிதத்துக்காக. இந்த முறை கடிதத்தைத் தபாலில் போட்டது நான். வழக்கு வைக்க ஆதாரம் வேண்டுமாம். ஆஸ்பத்திரி அட்டையில் எட்னா வந்த நாளிலிருந்துதான் இருக்கிறது. பங்களா அட்டையிலோ எல்லா நாளும் 88. உண்மையான எண்கள் என் நாட்குறிப்பில் மட்டும்தான்.

"அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்துத் தரலாமா?" என்று கேட்டேன்.

கிழித்தால் செல்லாது என்றார்.

எட்னா கட்டிலில் இருந்து என்னைப் பார்த்தார். "அதில் உன்னைப் பற்றி என்ன இருக்கிறது?"

"எல்லாம்."

"அப்படியானால் கொடுக்காதே," என்றார். "நான் வேறு வழி பார்க்கிறேன். உண்மையாகத்தான் சொல்கிறேன்."

வேறு வழி இல்லை என்பது இருவருக்கும் தெரியும். முழுக் கொப்பியையும் கொடுத்தேன்.

மார்ச் 27, வெள்ளி

எட்னா இன்று கொழும்புக்குப் போனார், அங்கிருந்து விமானம். மிச்சக் காட்சிகளைத் தூரத்தில் வேறொரு பெண்ணை நிறுத்தி எடுத்து முடித்துவிட்டார்களாம். கார் வரும்வரை வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்தோம். முகப்பூச்சு இல்லாமல் வெயிலில் இருந்தார். தடிமன் வேறு, மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார்.

"பயமாக இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"காலையில் எப்படி எழும்புவது என்றே எனக்குத் தெரியாது. யாராவது எழுப்பித்தான் பழக்கம்."

மூக்காயி ரொட்டி கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தாள். பங்களா வேலையிலிருந்து அவளை நிறுத்திவிட்டார்கள். திரும்பக் கொழுந்து எடுக்கப் போகிறாள்.

மே 14, வியாழன்

அண்ணர் வீட்டில். நேர்ஸ்மார் சபை ஜூனில் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறது. ஓவசியர் என் விஷயம் கேள்விப்பட்டுப் பின்வாங்கிவிட்டார். அண்ணர் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

இன்று இரண்டு கடிதம். எட்னா தங்கையின் வீட்டில் இருக்கிறார். கம்பனி வழக்குப் போட்டிருக்கிறது. இரண்டு வருடம் இழுக்குமாம். முதல் மாதம் எழும்பவே முடியவில்லையாம், பன்னிரண்டு இறாத்தல் ஏறிவிட்டாராம். பக்கத்து நகரத்தில் சின்ன நாடகக் குழு ஒன்று கேட்டிருக்கிறது. ஒரு பல் வைத்தியரின் மனைவி வேடம். "நிறையப் பேச வேண்டும், ஒரு ஜன்னலும் இல்லை" என்று எழுதியிருக்கிறார். எனக்காகச் சபைக்கு ஒரு சத்தியக் கடிதமும் வைத்திருக்கிறார். அதில் நான் அவருடைய கடிதத்தைக் கொடுத்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

மற்றது டொக்டர் ஜயமான்ன எழுதியது. பதிவு போனாலும் பதுளையில் வாட்டு உதவியாளாக ஓர் இடம் இருக்கிறதாம். நிலம் கழுவுவது, கட்டில் துணி மாற்றுவது. வருகிறேன் என்று பதில் எழுதிவிட்டேன். அண்ணரிடம் கேட்கவில்லை.

ஜூன் 9, செவ்வாய், கொழும்பு

விசாரணை இரண்டே கால் மணி நேரம். தூதரகத்துக்குக் கொடுத்த என் நாட்குறிப்பின் பக்கங்களைத் தட்டச்சு செய்து ஆளுக்கொரு பிரதி வைத்திருந்தார்கள். பெப்ரவரி பதினைந்தாம் தேதியை உரத்து வாசித்தார்கள். நான் எழுதிய நியாயங்கள் இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது கேட்கக் கூடாத மாதிரி இருந்தன. தவமணியின் விஷயத்தையும் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். பதிவு ஒன்றரை வருடத்துக்கு நிறுத்தம். டொக்டர் அருட்பிரகாசத்தின் விசாரணை வேறு சபையில், அடுத்த மாதம். அவர் தனக்காக வாதாட அப்புக்காத்தோடு வருவாராம்.

வெளியே வந்தால் கதவுக்குப் பக்கத்து வாங்கில் ஒரு பெண் இருந்தார். சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு முகம் மறக்கவில்லை. தவமணியின் தாய்.

"நீதானே பிள்ளை ஊசி போட்டது?"

"ஓம் அம்மா."

"உள்ளுக்கை வாசிச்சவை. கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்." சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "காய்ச்சல் மூளைக்கு ஏறிட்டுது, நீ பிந்திக் கொண்டுவந்ததாலைதான் எண்டு டொக்டர் எனக்கு ஏசினவர். அண்டைக்கு நான் ஆட்டைக் கட்டிப்போட்டு வெளிக்கிட்டனான். அந்த அரை மணித்தியாலம். ரெண்டு வருசமா அதைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

"நீங்கள் பிந்தேல்லை அம்மா. நேரத்துக்குத்தான் கொண்டுவந்தனீங்கள்."

"உண்மையாவோ?"

"உண்மையா. பிள்ளை பிழைச்சிருக்கும். நான் அந்த ஊசியைப் போடாமல் விட்டிருந்தால்."

அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் சரிதான்.

"நான் பிந்தேல்லை எண்டு அவை எழுதினவையோ?"

"எழுதினவை. நான் சொல்லச் சொல்ல எழுதினவை."

"அதிலை ஒரு பிரதி எனக்கு எடுத்துத் தா," என்றார். "எனக்கு வாசிக்கத் தெரியாது. அவளின்ரை தேப்பனுக்குக் காட்ட வேணும்."

நான் திரும்ப உள்ளே போனேன்.